பெருமூச்சு வளைவும் செல்லசாமி மாமாவின் எஞ்சினும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசன் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பது போல இருக்கும். இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கத்தில், சுற்றிலும் தேயிலை மலை, நடுவில் ஓர் ஆறு, ஆற்றோரம் எங்கள் வரிசை வீடுகளான லயங்கள். வெளியே எங்கே போவதென்றாலும் முதலில் மலை ஏற வேண்டும். கடைக்குப் போகவும் ஏற வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகவும் ஏற வேண்டும். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடுவதென்றாலும் ஏறித்தான் ஓட வேண்டும். அதனால் யாரும் ஓடியதில்லை.

அந்த ஏற்றத்தின் நடுவில் ஒரு வளைவு இருந்தது. சிறுவர்களான நாங்கள் அதற்குப் பெருமூச்சு வளைவு என்று பெயர் வைத்திருந்தோம். செல்லசாமி மாமாவின் பிக்கப் அங்கே வந்ததும், "உஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடும்.

செல்லசாமி மாமா, என் கூட்டாளி ஜெயந்தினியின் தாய்மாமா. ஹட்டனில் ஒரு கராஜில் வேலை பழகியவர். எங்கள் டிவிசனில் வாகனம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அரிசி மூட்டை, கோவா, கரட் மூட்டை, காய்ச்சல்காரர், கல்யாணப் பெண் எல்லாம் அந்தப் பிக்கப்பில்தான் மேலே போக வேண்டும்.

பிக்கப்பின் பின்பக்கத்தில், கடைசி ஓரத்தில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் மூக்கன் பெரியப்பா. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது காலில் கத்தி பட்டு, அதன் பிறகு அவரால் மலையில் வேலை செய்ய முடியவில்லை. ஆனால் பிக்கப்பில் அவருக்கு ஒரு முக்கியமான வேலை இருந்தது. வண்டி பெருமூச்சு விட்டதும் மடியில் வைத்திருக்கும் மரக்கட்டையோடு அவர் கீழே இறங்குவார். நொண்டிக்கொண்டே ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைப்பார். அது இல்லாவிட்டால் வண்டி பின்னாலேயே உருண்டு ஆற்றுக்குப் போய்விடும்.

கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்து, ஒரு பெரிய துரையைப் போலச் சொல்வார்:

"ம்... எல்லாரும் எறங்குங்க. தள்ளலாம்."

நாங்கள் இறங்கித் தள்ளுவோம். எங்களுக்கு அது விளையாட்டு. வளைவின் ஓரத்தில் காட்டுக் கொய்யா மரம் ஒன்று இருந்தது. தள்ளுகிற சாக்கில் ஆளுக்கு ஒரு காயைப் பறித்துவிடுவோம்.

விளையாட்டாக இருந்தது வினையானது தொண்ணூற்றேழாம் ஆண்டில்தான். அந்த வருடம் ஹட்டனில் நடந்த தமிழ்த் தினப் போட்டிக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கோலாட்டக் குழு போனது. ஜெயந்தினி, நான், இன்னும் சில பிள்ளைகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பித்த இராஜகுமாரி டீச்சர்தான் எங்களைப் பழக்கினார். மஞ்சள் பாவாடை, சிவப்பு ரிப்பன், தலையில் கனகாம்பரம் என்று எங்களை எங்கள் அம்மாமாருக்கே அடையாளம் தெரியவில்லை.

போட்டிக்கு முதல் நாள் நல்ல மழை. மறுநாள் காலை பெருமூச்சு வளைவில் வண்டி நின்றது. மூக்கன் பெரியப்பா கட்டையை வைத்தார். நாங்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினோம். சக்கரம் ஒரே இடத்தில் நின்று சுழன்றது. சேறு பறந்தது. மஞ்சள் பாவாடை எல்லாம் மண் நிறமானது.

மேலே ரோட்டில் காத்துக்கொண்டிருந்த டீச்சர் எங்களைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்தார்.

"என்ன பிள்ளையள் இது கோலம்? வயலுக்குள்ள விழுந்து எழும்பி வந்தனீங்களே?"

அப்படியேதான் ஆடினோம். நடுவர் ஒருவர், "இது உழவர் ஆட்டமா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது மேடைக்கே கேட்டது. எங்களுக்குப் பரிசு இல்லை. திரும்பி வரும்போது பாவாடையில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தோம். செல்லசாமி மாமா கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் சொன்னது ஒன்றுதான்.

"ஜெயா, அடுத்த வருஷம் நீங்க யாரும் எறங்கித் தள்ளமாட்டீங்க. நான் பாத்துக்கிறேன்."

சில மாதங்கள் கழித்து ஒரு நாள், விபத்தில் நொறுங்கிய ஒரு வேனின் எஞ்சினை ஹட்டனிலிருந்து லொறியில் கொண்டுவந்து இறக்கினார். டீசல் எஞ்சின். பழையதைவிடக் குட்டை, ஆனால் கனம். நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் பழைய மாட்டுக் கொட்டகையில் வைத்தார்கள்.

அந்தக் கொட்டகைதான் அதன் பிறகு பல மாதங்கள் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. இப்போது நினைத்தாலும் டீசல் வாசமும் சாணி வாசமும் கலந்து மூக்கில் ஏறுகிறது. மூலையில் ஒரு ரேடியோ பாடும். மாமா எஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றி, சாக்கின் மேல் வரிசையாக வைப்பார். ஜெயந்தினி ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவுவாள். நான் துடைப்பேன். ஒரு துண்டு இடம் மாறினாலும் அவள் விடமாட்டாள்.

"இது அதுக்குப் பக்கத்துல இருந்தது. மாத்தி வெச்சா மாமாவுக்குக் குழம்பிடும்."

மாமா பிஸ்டன்களுக்குப் புது வளையம் போட்டார். வால்வுகளைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வழியை அரத்தால் ராவி வழவழப்பாக்கினார். புகை வெளியே போகும் குழாயைப் பெரிதாக வைத்தார்.

"எதுக்கு மாமா இவ்வளவு பெரிய குழாய்?" என்று ஜெயந்தினி கேட்டாள்.

"நீ ஏத்தத்துல ஓடும்போது மூக்கைப் பொத்திக்கிட்டா ஓட முடியுமா? இதுவும் அப்படித்தான். நல்லா மூச்சு இழுக்கணும், நல்லா விடணும். அப்பதான் இழுவை வரும்."

மூக்கன் பெரியப்பாவும் வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பார். எஞ்சினைப் பிக்கப்பில் இறக்கிய அன்று மாமா அவரிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

"மூக்கண்ணே, இனிமே ஒங்களுக்கு வேலை இல்ல. அந்தக் கட்டைய அடுப்புல போட்டுட்டு நிம்மதியா இருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் ஜெயந்தினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்ததும் அவர் கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

முதல் ஓட்டம் மறக்க முடியாதது. பாதி டிவிசனும் ஆற்றுப் பாலத்தடியில் கூடிவிட்டது. நாங்கள் எல்லோரும் பின்னால் ஏறிக்கொண்டோம். எஞ்சின் உறுமியது. வண்டி ஏறத் தொடங்கியது. பெருமூச்சு வளைவு வந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வண்டி பெருமூச்சும் விடவில்லை, சிறுமூச்சும் விடவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு மேலே போனது.

"ஏறிடுச்சு, ஏறிடுச்சு" என்று கத்தினோம்.

கத்தி முடிப்பதற்குள் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது. முதலில் பனி என்று நினைத்தோம். அது பனி இல்லை, ஆவி. ரேடியேட்டரில் தண்ணீர் சோற்றுப்பானை போலக் கொதித்தது.

மாமா தண்ணீரை மாற்றிப் பார்த்தார். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிப் பார்த்தார். சமதரையில் ஓடும்போது ஒன்றும் இல்லை. மெதுவாக மலை ஏறினால் மட்டும் கொதித்தது. பழைய எஞ்சின் வளைவில் நின்றது, புது எஞ்சின் வளைவைத் தாண்டி நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுபடியும் மூக்கன் பெரியப்பாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. எஞ்சின் ஆறும்வரை சக்கரத்துக்குக் கட்டை வேண்டுமே. அவர் தன் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்து, "எஞ்சின் மாறினாலும் கட்டை மாறலையே" என்று எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பெரிய ரேடியேட்டர் வேணும்போல. அதுக்கு நான் எங்க போவேன்? இந்த எஞ்சினைக் கழட்டிட்டுப் பழையதையே போட்டுரலாம்னு இருக்கு."

அந்தச் சனிக்கிழமை ஜெயந்தினியும் நானும் அவளுடைய அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். அவர் பெயர் பழனியாண்டி. தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அங்கே நீள நீளத் தொட்டிகளில் கொழுந்து பரப்பியிருக்கும். ஒவ்வொரு தொட்டியின் தலைமாட்டிலும் ஆள் உயர ஃபேன் சுற்றும்.

நாங்கள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆனால் அன்று ஜெயந்தினி அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"அப்பா, இந்த ஃபேனைச் சுத்தி எதுக்குத் தகரத்துல வளையம் போட்டிருக்கு?"

"காத்து வெளிய ஓடாம இருக்கத்தான். வளையம் இல்லாட்டி ஃபேன் பாட்டுக்குச் சுத்தும். காத்து கொழுந்துக்குப் போகாது. பக்கத்துல சுத்திக்கிட்டு நிக்கும்."

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஃபேனைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பிறகு என்னை இழுத்துக்கொண்டு நேரே கொட்டகைக்கு ஓடினாள். அங்கே மாமா இல்லை. அவள் பிக்கப்பின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"பாத்தியா? பழைய எஞ்சின் நீளம். அதோட ஃபேன் ரேடியேட்டருக்குக் கிட்ட இருந்துச்சு. இது குட்டை. ஃபேன் தள்ளி நிக்குது. சுத்தி ஒண்ணுமே இல்ல. காத்து ரேடியேட்டருக்குள்ள போகாம பக்கத்துலயே சுத்துது."

"அப்ப மாமாக்கிட்ட சொல்லு" என்றேன்.

அவள் உடனே போகவில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

"சொன்னா வண்டி சரியாயிடும். சரியாயிட்டா மூக்கன் பெரியப்பா?"

நான் பிக்கப்பில் அவர் எப்போதும் உட்காரும் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்தாள். "அவருக்கிட்டயே கேப்போம்."

மூக்கன் பெரியப்பா லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, வண்டி நிக்காம ஏறிடுச்சின்னா நீங்க என்ன செய்வீங்க?"

"நான் என்ன செய்ய? இங்க ஒக்காந்து, வண்டி போற சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

"கவலையா இருக்காதா?"

அவர் ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டார்.

"இருக்கும். மூணு கடை, நாலு மனுசரைப் பாக்குறது அந்த வண்டியிலதானே. ஆனா புள்ள, போன வருஷம் நீங்க சேத்துல நின்னு தள்ளுனப்போ, நான் கட்டைய வெச்சிட்டுப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். எனக்குக் கால் நல்லா இருந்தா உங்கள எறங்க விட்டிருக்கமாட்டேன். அந்த மாதிரி இன்னொரு நாளு வேணாம். ஏன் கேக்குற, ஏதும் வழி தெரிஞ்சிருச்சா?"

ஜெயந்தினி சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு உள்ளே போய், தண்ணீர்ப் பீப்பாயை மூடி வைத்திருந்த பெரிய தகரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது போதுமான்னு பாரு."

அன்று மாலையே கொட்டகையில் வேலை தொடங்கியது. ஜெயந்தினி முதலில் தன் கோலாட்டக் குச்சியின் ரிப்பனை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் ரிப்பன் கொஞ்சம் உள்ளே இழுபட்டது. ஓரங்களில் அது தொங்கிக்கொண்டு நின்றது.

"இதெல்லாம் காத்துப் போகாத எடம் மாமா."

மாமா ரிப்பனைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அந்த வேன்ல ஃபேனைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் கூடு இருந்துச்சு. நொறுங்கிப் போயிருந்ததால சும்மா அலங்காரம்தானேன்னு நானே கழட்டி வீசிட்டேன்."

தகரத்தை வெட்டி, வளைத்து, ஓரத்தை மடக்கி, ஃபேனைச் சுற்றி ஒரு கூடு செய்தார். பூட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். ஜெயந்தினி மறுபடியும் ரிப்பனைப் பிடித்தாள். நடுவில் பிடித்தாலும் ஓரத்தில் பிடித்தாலும் அது ரேடியேட்டரோடு போய் ஒட்டிக்கொண்டது. மாமா தன் கரிக்கையால் அவள் தலையைத் தடவினார். அவள் இரண்டு தரம் தலைக்குக் குளிக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் மூக்கன் பெரியப்பா இல்லாமலே வண்டி உச்சிவரை ஏறியது. கொதிக்கவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம், வேலாயி அக்காவைத் தவிர.

வேலாயி அக்கா ஒரு கூடையில் கோழியை வைத்துக்கொண்டு வந்திருந்தார். பெருமூச்சு வளைவுக்குப் பக்கத்து லயத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும். வண்டி எப்படியும் வளைவில் நிற்கும், இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். வண்டி நிற்கவில்லை.

"செல்லசாமி, நிப்பாட்டு" என்று கத்தினார். டீசல் எஞ்சின் சத்தத்தில் மாமாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கோழியும் கத்தியது. அதுவும் கேட்கவில்லை. உச்சியில் போய்த்தான் வண்டி நின்றது.

வேலாயி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் என்னா சவாரியா வந்தேன்? இப்ப இந்தக் கோழியோட நான் கீழ எறங்கி நடக்கணும்."

மாமா தலையைச் சொறிந்தார். ஜெயந்தினி மெதுவாக அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, முந்தி வண்டி தானா நின்னுச்சு. எல்லாரும் எறங்கிக்கிட்டாங்க. இனிமே நிக்காது. அப்ப பின்னால ஒரு ஆளு வேணும். யாரு எங்க எறங்குவாங்க, எந்தச் சாமான் யாரோடதுன்னு தெரிஞ்ச ஆளு. ஒரு தட்டுத் தட்டுனா நீங்க நிப்பாட்டணும், ரெண்டு தட்டுத் தட்டுனா போகணும்."

"அப்படி எல்லாம் தெரிஞ்ச ஆளு..." என்று மாமா தொடங்கினார். முடிக்கவில்லை. வேலாயி அக்காவை வளைவில் இறக்கிவிட்டு, வண்டியை நேரே மூக்கன் பெரியப்பாவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். தானே இறங்கிப் போனார்.

"மூக்கண்ணே, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. நீங்க இல்லாம வண்டி எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியல. வாங்க."

பெரியப்பா அவசரப்படவில்லை. உள்ளே போய்த் தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் வந்தார்.

போட்டிக்கு முதல் நாள் மறுபடியும் மழை. வழி முழுக்கச் சேறு. மறுநாள் காலை நாங்கள் புதுப் பாவாடையோடு பிக்கப்பில் நெருக்கி உட்கார்ந்தோம். மூக்கன் பெரியப்பா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூரைத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

வளைவு வந்தபோது எல்லோரும் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். சக்கரம் ஒரு தடவை வழுக்கியது. எஞ்சின் குரலைத் தாழ்த்தி ஓர் இழுப்பு இழுத்தது. கொய்யா மரம் எங்களைக் கடந்து பின்னால் போனது. கனிந்த பழங்கள் இருந்தன. பறிக்க நேரம் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மேலே இராஜகுமாரி டீச்சர் கையில் ஒரு வாளி தண்ணீரும் பழைய துணியும் வைத்துக்கொண்டு நின்றார். எங்களை ஒவ்வொருவராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒருத்தரிலும் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லையே. நான் இந்தத் தண்ணியை என்ன செய்யிறது?"

"வாளிய என்கிட்ட குடுங்க டீச்சர். கால் கழுவிட்டு ஏறுங்க, உங்க செருப்புலதான் சேறு" என்றார் மூக்கன் பெரியப்பா. டீச்சர் குனிந்து பார்த்தார். பிறகு எங்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

ஹட்டனில் அன்று நாங்கள் நன்றாக ஆடினோம். இரண்டாம் இடம் என்று பிறகுதான் தெரிந்தது. முடிவு சொல்ல நேரமானது. மண்டபத்துக்கு வெளியே பனி இறங்கிவிட்டது. புதுப் பாவாடைக்கு மேல் போட ஒருவரும் ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை. பாவாடையின் அழகு கெட்டுவிடும் என்று எல்லோரும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

மாமா அப்போதுதான் டீச்சரைக் கடைக்கு அழைத்துப்போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தினார். ஜெயந்தினி போய் முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்காமல் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள்.

ஒவ்வொருவராகப் போனோம். மூக்கன் பெரியப்பாவும் வந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் எல்லோருடைய கைகளும் அந்த மூடியின் மேல் இருந்தன. இளஞ்சூடாக, அப்போதுதான் ஊற்றிய தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்ததுபோல இருந்தது. யாருக்கும் சுடவில்லை.